மாமா கேட்ட வன்ஸ்மோர்

போன மாதம் மெல்பேர்ண் புறநகரான கிரான்பர்னில் ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரு பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டாள். தாய் தகப்பன் மதுரைப் பக்கம். பிள்ளை இங்கேயே பிறந்தவள், நகரத்தில் ஒரு நாடக அரங்கில் விளக்குப் பகுதியில் வேலை செய்கிறாள். நானும் அதே தொழிலில் கிடந்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கையில் தட்டோடு பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள்.

“அங்கிள், எங்ககிட்ட இப்ப எல்லாமே ப்ரோக்ராம் பண்ணி வச்சிருக்கு. ஒரு பட்டன் அழுத்தினா போதும். ஃபாலோ ஸ்பாட் கூட ஆக்டர் பின்னாலயே தானா போகுது. நீங்கல்லாம் எப்படி மேனேஜ் பண்ணீங்க?”

“கையாலதான் பிள்ளை.”

“பட் வாட் இஃப் சம்திங் வென்ட் ராங்?”

கேக் வெட்டும் கூச்சலுக்குள் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். என் காலத்தில் பிசகிப்போனவற்றை எல்லாம் எழுதப் போனால் வாசிக்க ஆள் கிடைக்காது. ஒரே ஒரு மத்தியானத்தை மட்டும் எழுதலாம் என்று நினைக்கிறேன். அன்றைக்கு வேலை செய்தவர்களுக்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் மெல்பேர்ணுக்கு வந்தபோது கொழும்பில் மின்சார வேலை பழகித் தேர்ந்தவன். அந்தத் தேர்ச்சியை இங்கே ஒருவரும் சட்டை செய்யவில்லை. உள்ளூர் லைசென்ஸ் எடுக்கும்வரை சும்மா இருக்கவும் முடியாது. தங்கியிருந்த வீட்டுக்காரன், பழைய தியேட்டர் ஒன்றில் உயரத்துக்கும் சூட்டுக்கும் பயப்படாத ஆள் தேடுகிறார்கள் என்றான். நான் கொழும்பு வெயிலில் மின்கம்பம் ஏறியவன். போய் நின்றேன், எடுத்துவிட்டார்கள். பெயர் என்ன என்று கேட்டார்கள். பத்மநாதன் என்றேன். அன்றைக்கே அதை வெட்டி ‘நேதன்’ ஆக்கிவிட்டார்கள். என் தகப்பன் கேட்டிருந்தால் கோபித்திருப்பார். எனக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை.

வேலை இதுதான்: மேல்மாடிக்கும் மேலே ஒரு சின்ன அறை, இரும்பு ஏணியால் ஏற வேண்டும். அங்கே ஒரு பெரிய விளக்கு. ‘ஸ்பொட் ஒன்’ என்பது அதன் பெயர், வேலை நேரத்தில் எனக்கும் அதே பெயர். மேடையில் யார் முக்கியமோ அவரை அந்த வெளிச்ச வட்டத்துக்குள் வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து விளக்கில் பல்ப் கிடையாது. பென்சில் அளவான இரண்டு கரிக்குச்சிகள் முனைக்கு முனை பார்த்தபடி இருக்கும். மின்சாரத்தை விட்டு, தொடவைத்துப் பிரித்தால் நடுவில் நெருப்பு பற்றும். வெறும் கண்ணால் பார்க்க முடியாது, கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் பார்க்க வேண்டும். குச்சிகள் எரிந்து தேயத் தேய இடைவெளி கூடும். ஒரு திருகைத் திருப்பித் திருப்பி அதைச் சரியாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கிட்டப் போனால் உறுமும், தள்ளிப் போனால் மஞ்சளாகி அணைந்துவிடும். ஒரு கை திருகில், மற்றக் கை விளக்கின் பிடியில், கண் மேடையில், காது ஐரீனிடம்.

ஐரீன் எங்கள் மேடை முகாமையாளர். மேடையின் ஓரத்து இருட்டில் ஒரு சின்ன மேசையில் நாடகப் பிரதியை விரித்து வைத்துக்கொண்டு, விளக்குக்காரர், திரை இறக்கும் கயிற்றுக்காரர், எல்லோரையும் ஹெட்ஃபோன் வழியாக நடத்துவார். குரலை உயர்த்தியதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும், பெயருக்கு முன்னால் ‘மிஸ்டர்’ வந்து ஒட்டிக்கொள்ளும். ‘மிஸ்டர்’ கேட்டால் என்ன பிழை விட்டோம் என்று தேடத் தொடங்குவோம். ஒவ்வொரு வேலைக்கும் முதலில் “ஸ்டாண்ட் பை” என்பார். நாங்கள் “ஸ்டாண்டிங் பை” என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு “கோ” என்பார். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த கணத்தில் வேலை நடந்துவிட வேண்டும். ‘கோ’ என்பது அவருக்கு மட்டும் உரிய சொல். ஹெட்ஃபோனில் வேறு எவரும், வேறு எதற்கும், அதைச் சொல்லக் கூடாது. முதல் நாளே இதை எனக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

ஒத்திகை வாரத்தில் ஒருநாள் எனக்குத் தண்ணீர் விடாய்த்தது. இடத்தை விட்டு எழும்பினால் அறிவிக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் “போறன்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கியதில்லை. அபசகுனம். “போட்டு வாறன்” என்றுதான் சொல்ல வேண்டும். அதையே மரியாதையாக ஆங்கிலத்தில் சொன்னேன்: “ஐரீன், ஐ வில் கோ அண்ட் கம்.”

கடற்கரைக் காட்சியின் நடுவில் ஒரு பூந்தோட்டத் திரை மேலேயிருந்து இறங்கியது. கயிற்றுக்காரன் என் ‘கோ’வைக் கேட்டுவிட்டான். பாடிக்கொண்டிருந்த கடத்தல்காரர்கள் ரோசாப்பூக்களுக்குப் பின்னால் மறைந்துபோனார்கள். ஹெட்ஃபோனில் ஐரீனின் குரல், மிகவும் தணிந்து:

“மிஸ்டர் நேதன், நீங்கள் போகிறீர்களா, வருகிறீர்களா? ஒன்றைத் தீர்மானியுங்கள்.”

விஷயத்தை விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தத் தியேட்டரில் தேத்தண்ணிக்கு எழும்புகிற ஒவ்வொருவனும் ‘கோ’வை விழுங்கிவிட்டு “ஐ வில் கம்” என்று மட்டும் அறிவித்துவிட்டே எழும்பினான். ஐரீன் அதைத் தடுக்கவில்லை. என்னை வேலையை விட்டுக் கலைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். கலைக்காமல் என் சொல்லுக்கும் அங்கே ஒரு இடம் கொடுத்தார்.

அந்தக் கடத்தல்காரர்கள் வந்த நாடகம் பாட்டும் பகிடியுமான பழைய ஒப்பரெட்டா. நூறு வருடம் இருக்கும். சனங்களுக்குக் கதை மனப்பாடம். கடத்தல்காரியைக் காதலிக்கும் ஒரு கிழட்டுச் சுங்க அதிகாரி, அவருக்கு நேரே பொய் சொல்லியே வாழும் ஒரு ஊர், கடைசியில் எல்லோருக்கும் கல்யாணம். இரண்டாம் அங்கத்தில் சுங்க அதிகாரிக்கு ஒரு பாட்டு. தான் பிடித்த சாமான்களை எல்லாம் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவார். மூன்று அடுக்குப் பாட்டு, ஒவ்வொன்றும் முன்னதைவிட வேகம். அதைக் கேட்கவே பாதிச் சனம் வரும். முந்திய காலங்களில் சபை கைதட்டிக் கைதட்டி அதைத் திருப்பிப் பாட வைக்குமாம். எங்கள் நெறியாளருக்கு அது பிடிக்காது. கதை நின்றுபோகிறது என்று தடை போட்டிருந்தார். பாட்டு முடிந்த கையோடு விளக்கு அணைய வேண்டும், அடுத்த காட்சி வர வேண்டும்.

அந்தச் சுங்க அதிகாரி டெஸ்மண்ட். எழுபதை எட்டிக்கொண்டிருந்தார். பெரிய நடிகர்கள் விளக்குக்காரனை ஏறிட்டும் பார்ப்பதில்லை. இவர் முதல் நாளே இரும்பு ஏணியில் முக்கி முனகி ஏறி என் அறைக்கு வந்தார், ஒரு துண்டு பழக் கேக்கோடு. “உன் முழுப் பெயர் என்ன?” என்று கேட்டார். சொன்னேன். வேகப் பாட்டுப் பாடிப் பழகிய நாக்கு. “பத்மநாதன், பத்மநாதன், பத்மநாதன்” என்று சுருதி ஏற்றி ஏற்றிச் சொல்லிச் சரியாக்கிக்கொண்டுதான் இறங்கினார். அந்தக் கட்டிடத்தில் என்னை என் பெயரால் கூப்பிட்ட ஒரே ஆள் அவர். அதற்காகவே அவருக்கு நான் ஒரு பங்கு கூடுதலாக வெளிச்சம் கொடுத்திருப்பேன்.

ஆனால் அவருடைய நினைவு தளரத் தொடங்கியிருந்தது. அந்தப் பருவத்திலேயே இரண்டு தடவை வேகப் பாட்டில் சறுக்கினார். மெல்பேர்ண் முடிந்ததும் நாடகம் சிட்னிக்குப் போக இருந்தது. நெறியாளர் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை பாட்டு உடைந்தால் சிட்னியில் அந்த வேடத்தை இளைய நடிகர் ஒருவர் போடுவார். டெஸ்மண்ட் பிறந்தது சிட்னியில். முதல் வேடம் போட்டதும் அங்கேதான். “அங்கே ஒரு தடவை இந்தத் தொப்பியைப் போட்டுவிட்டுக் கழற்றினால் போதும், பத்மநாதன். பிறகு நானே வீட்டுக்குப் போய்விடுவேன்” என்று என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது பகிடி எதுவும் விடவில்லை.

இந்த நிலையில்தான் என் மாமனார் வந்து சேர்ந்தார். சறோ, என் மனைவி, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். மாமி விமானத்துக்குப் பயந்தவர், அதனால் மாமா தனியே வந்தார். யாழ்ப்பாணப் பட்டணத்தில் புடைவைக் கடை வைத்திருந்தவர். ஆங்கிலம் வியாபாரத்துக்கு வேண்டிய அளவுதான். ஆனால் நாடகம் என்றால் உயிர். ராஜபார்ட் பாடினால் கொட்டகையின் முன்வரிசையில் இருந்து கண்ணை மூடிக் கேட்பாராம். மருமகன் எஞ்சினியர் வேலை பார்க்கிறான் என்று நினைத்திருந்தவருக்கு உண்மை தெரிந்ததும் முகம் சுருங்கவில்லை.

“தம்பி, நாடகக் கொட்டகையிலயோ வேலை? ஏன் ஒருத்தரும் எனக்கு எழுதேல்லை? எப்ப கூட்டிக்கொண்டு போறீர்?”

ஐரீனிடம் சொன்னேன். புதன்கிழமை மத்தியானக் காட்சிக்கு மாடி முன்வரிசையில் இரண்டு இலவச ரிக்கற் கொடுத்தார். மாமா வேட்டி உடுத்து, மேலே என் ஓவர்கோட்டைப் போட்டு, நெற்றியில் திருநீறு பளிச்சிட வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் சறோ. சுற்றிவர, தொப்பியும் கையுறையுமாக வெள்ளைக்கார மூதாட்டிகள். என் அறையிலிருந்து எனக்கு வேண்டிய மூன்று பேருடைய உச்சந்தலை தெரிந்தது: மாமா, சறோ, கடைசி வரிசையில் நெறியாளர். நெறியாளர் எதைப் பார்க்க வந்திருக்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் அங்கம் நன்றாகப் போனது. இரண்டாம் அங்கத்தில் டெஸ்மண்டின் பாட்டு வந்தது. முதல் அடுக்கு வழுக்கிக்கொண்டு போனது, சனம் சிரித்தது. இரண்டாம் அடுக்கில் சாமான்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு வந்தன. ஒரு எதுகை விழுகிற இடம். கையை உயர்த்தி, வாயைத் திறந்தார். அடுத்த சொல் வரவில்லை.

உயர்த்திய கை உயர்த்தியபடி. வாத்தியங்கள் கொஞ்ச தூரம் அவர் இல்லாமலே போய், தாளம் தடுமாறி நின்றன. நான் என் வட்டத்துக்குள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்த வாய் அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் சொல்லைத் தேடி அலைந்தன. ஐரீன் ஓரத்திலிருந்து அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார், ஒரு தடவை, இன்னொரு தடவை. அவருக்குக் கேட்கவில்லை. பிறகு என் காதில் அந்தக் குரல், நான் அதுவரை கேட்டதிலேயே மிகத் தணிந்து:

“ஸ்பொட் ஒன், அணைப்பதற்கு ஸ்டாண்ட் பை.”

“ஸ்டாண்டிங் பை,” என்றேன். விரல் வட்டத்தை மூடும் நெம்புகோலில். வட்டத்தைச் சுருக்கி மூடினால் பாட்டு முடிந்தது. பாட்டு மட்டுமல்ல, சிட்னியும் முடிந்தது. அவருடைய மானத்தைக் காப்பாற்ற வேறு வழியும் இல்லை. அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தேன். ஐரீன் மூச்சு விடுவது கேட்டது. அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரம் வந்து, தாண்டியும் போனது. அவர் சொல்லவில்லை.

அப்போதுதான் மாடியிலிருந்து அந்தச் சத்தம்.

“வன்ஸ்மோர்! வன்ஸ்மோர்!”

மாமா எழும்பி நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். ஓவர்கோட் ஒரு பக்கம் சரிந்திருந்தது. சறோ அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வன்ஸ்மோர் ஆங்கிலச் சொல்தான். ஆனால் எந்த ஆங்கிலேயனும் நாடகத்தில் அதைக் கத்த மாட்டான். எங்கள் கொட்டகைகளில் மட்டும்தான் அது பாட்டுக்காரனுக்குப் போடும் மாலை.

சபை ஒருகணம் திகைத்தது. பிறகு யாரோ சிரித்தார்கள், கேலியாக அல்ல. மாமாவுக்கு அடுத்திருந்த மூதாட்டி கையுறையோடு கைதட்டத் தொடங்கினார். அது வரிசை வரிசையாகப் பரவியது. “வன்ஸ்மோர்!” என்று இன்னொரு மூலையில் ஒரு ஆண்குரல். கீழே, வட்டத்துக்குள், டெஸ்மண்டின் கை மெல்ல இறங்கி நெற்றிக்குப் போனது. வெளிச்சத்தை மறைத்து மாடியை அண்ணாந்து பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தி, அதிகாரியின் குரலிலேயே சொன்னார்:

“அந்த ஐயாவுக்கு நான் பிடித்த சாமானின் கணக்கில் சந்தேகம். முதலிலிருந்து எண்ணிக் காட்டுவேன்!”

தியேட்டர் அதிர்ந்தது. வாத்தியக் குழுவின் நடத்துநர் கோலை உயர்த்தினார். ஐரீன் சொன்னார்: “ஸ்பொட் ஒன், அவரோடேயே இரு.”

நான் இருக்கலாம். ஆனால் என் கரிக்குச்சி? பாட்டு முடிந்து விளக்கு அணைகிற நேரத்தில்தான் நான் குச்சி மாற்றுவது. அதுவரைக்கு எரியக் காணும், மிஞ்சாது என்று அளந்து போட்டது. கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன், கட்டைவிரல் நகமளவுக்கு வந்திருந்தது.

“ஐரீன், குச்சி முடியப் போகுது.”

“பாட்டுக்குக் காணுமா?”

“தெரியாது.”

“அப்படியானால் காண வை. தயவு செய்து.”

நான் மேடையைப் பார்ப்பதை விட்டேன். டெஸ்மண்ட் எங்கே நடப்பார் என்று கைக்குத் தெரியும். கண்ணைக் கரியில் வைத்துத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். உறுமினால் பின்னுக்கு, மஞ்சளித்தால் முன்னுக்கு. திருகின் பித்தளை விரலைச் சுட்டது. முதல் அடுக்கு காதில் விழுந்தது. இரண்டாம் அடுக்கு ஏறியது. முன்பு தடுக்கிய இடம் வந்தது. அந்தச் சொல் தன்பாட்டில் வந்து விழுந்தது, அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது. மூன்றாம் அடுக்கில் அந்தக் கிழவர் வாத்தியக்காரர்களை இழுத்துக்கொண்டு ஓடினார். கடைசிச் சொல்லோடு சபை எழும்பி நின்றது.

கைதட்டு ஓய்வதாக இல்லை. வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஐரீன் சொன்னார்: “ஸ்பொட் ஒன், கோ.” மூடினேன். விளக்குப் பெட்டியைத் திறந்தபோது குச்சியின் மிச்சம் சாம்பலோடு கீழே விழுந்தது. அந்த இருட்டில் நான் கொஞ்சம் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

திரை விழுந்ததும் ஹெட்ஃபோனில்: “மிஸ்டர் நேதன், மாடியில் சத்தம் போட்ட அந்த ஐயா உங்களுடைய ஆளா?”

‘மிஸ்டர்’ வந்துவிட்டது. ஓம் என்பதைத் தவிர வேறு வழியில்லை.

“அவரை டெஸ்மண்டின் அறைக்குக் கூட்டிவாருங்கள்.”

படிக்கட்டில் சறோ தகப்பனை ஏசித் தீர்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, மானத்தை வாங்கிப்போட்டியள். இவருக்கு வேலை போகப்போகுது.”

“நான் என்ன களவோ எடுத்தனான்?” என்றார் மாமா. “நல்லாப் பாடினார், கேட்டனான். பாட்டுக்காரனுக்கு அதைச் சொல்லாமல் இருக்கிறதோ மரியாதை?”

டெஸ்மண்டின் அறை வாசலில் ஐரீன் நின்றார். ஹெட்ஃபோன் இல்லாமல் அவரைப் பார்ப்பதே புதிதாக இருந்தது. “நெறியாளர் இப்போதுதான் வந்து போனார். சபை எழும்பி நின்றதைக் கண்டு மனம் மாறிவிட்டார். டெஸ்மண்ட் சிட்னிக்குப் போகிறார்” என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “ஆனால் டெஸ்மண்ட் சந்தோஷமாக இல்லை, நேதன். உள்ளே போங்கள்” என்றார்.

உள்ளே டெஸ்மண்ட் கண்ணாடிக்கு முன்னால் இருந்தார். ஒட்டுமீசையில் ஒரு பக்கம் கழன்றிருந்தது. எழும்பி மாமாவின் கையைப் பிடித்தார். விடவில்லை. என்னைப் பார்த்துப் பேசினார்.

“பத்மநாதன், நீ எனக்கு மறைக்க மாட்டாய். வாழ்நாள் முழுக்கச் சனங்களைச் சிரிக்க வைத்தேன். ஒருவரும் என்மீது இரக்கப்பட்டதில்லை. இன்றைக்கு நான் தொலைந்து நின்றதைப் பார்த்து இந்த ஐயா இரக்கப்பட்டார், கைகொடுத்தார். நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இரக்கத்தில் கிடைத்த வேடத்தோடு நான் எப்படிச் சிட்னி மேடையில் நிற்பது? அவரிடம் கேள். நான் சொல்லை மறந்து நின்றது அவருக்குத் தெரிந்ததா?”

மாமாவிடம் அப்படியே கேட்டேன். மாமா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மறந்தவரோ? எப்ப மறந்தவர்? கையைத் தூக்கினார், மேளதாளம் நிண்டுது, பாட்டு முடிஞ்சுது எண்டு நினைச்சன். நல்லாயிருந்துது, வன்ஸ்மோர் கேட்டன். இதில என்ன இருக்கு?” கொஞ்சம் யோசித்துவிட்டு, ரசிகனுக்குரிய கண்டிப்போடு சேர்த்துச் சொன்னார்: “உள்ளதைச் சொன்னால் தம்பி, முதல்தரம் பாடினதுதான் எனக்குப் பிடிச்சது. அந்த இடத்தில டக்கெண்டு நிப்பாட்டினார் பாரும், அது அழகு. ரெண்டாந்தரம் கொஞ்சம் நீட்டிப்போட்டார். சொல்லும் அவருக்கு.”

சொன்னேன். நீட்டியதையும் விடாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

டெஸ்மண்ட் கதிரையில் இருந்துவிட்டார். முகத்து வெள்ளைப் பூச்சில் கண்ணீர் கோடு போட்டு இறங்கியது. “அப்படியானால் அவர் என்னைக் காப்பாற்றவில்லை,” என்றார். “பாட்டைத்தான் கேட்டார்.” பிடித்த கையை அப்போதும் விடவில்லை. சிரிப்பும் அழுகையுமாகத் தோள் குலுங்கியது.

மாமாவுக்குச் சங்கடமாகிவிட்டது. என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்:

“ஏன் தம்பி மனுசன் அழுறார்? நீட்டிப்போட்டார் எண்டு சொன்னதுக்கோ? சீ, பாவம். அதையும் நல்லாத்தான் பாடினவர் எண்டு சொல்லிவிடும்.”